வலக்கையால் வாங்கிய ஒற்றைக் குழாய்

கீழ் வீட்டுக்காரி உங்களுக்கும் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது, பிள்ளை. நான் பல்கனியில் நின்று தூரத்தைக் கிட்டக் காட்டுகிற குழாய் வைத்து எதிர் புளொக்கின் சமையல் குசினிகளைப் பார்க்கிறேனாம். அவளுடைய மருமகள் எத்தனை மணிக்கு எழும்புகிறாள் என்பதுகூட எனக்குத் தெரியுமாம். தெரியும்தான். ஆனால் அதற்குக் குழாய் எதற்கு? அந்தப் பிள்ளை எழும்பியதும் மாமியார் போடுகிற சத்தம் இந்த ஸ்டோவ்னர் ஊர் முழுக்கக் கேட்கிறதே.

அந்தக் கதிரையில் இருங்கள். அடுப்பில் இறைச்சி கிடக்கிறது, அவிய நேரம் எடுக்கும். அதற்குள் இந்தக் குழாய் என் கழுத்துக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் இவர் வேட்டைக்குப் போகிறவர் என்பது தெரியும்தானே. நாங்கள் வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டுகிற தொழிற்சாலையில் வேலை செய்த காலத்தில் பழகியது. அங்கே எங்களை மேற்பார்வை பார்த்த நோர்வேக்காரர் ஒருவர் இவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பழக்கிவிட்டார். அவரும் இப்போது கிழவர். ஒஸ்லோவுக்கு வெளியே காட்டோரமாகத் தகப்பனின் பண்ணையில் இருக்கிறார். இலையுதிர் காலம் வந்தால் எல்க் வேட்டைக்கு ஆள் சேர்ப்பார், இவரையும் கூப்பிடுவார். எல்க் என்றால் மாடு அளவு இருக்கும், ஆனால் மான் சாதி. அதனால்தான் எங்கள் வீட்டில் சமைக்கிறோம். முதல்முறை இறைச்சி கொண்டுவந்தபோது என் தங்கச்சி போனில், "மாடு எண்டால் நான் உங்கடை வீட்டிலை கை நனைக்க மாட்டன்" என்றாள். மான் என்று சத்தியம் பண்ணிய பிறகு வந்து இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டாள்.

இவர் போனால் நானும் போவேன். துவக்கால் சுடுகிறது இவருடைய வேலை, பார்க்கிறது என்னுடைய வேலை. சதுப்பு நிலத்தின் ஓரத்தில் ஒரு மரக்குற்றிக்குப் பின்னால் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருப்போம். மற்றப் பக்கத்திலிருந்து நாயோடு ஆட்கள் வருவார்கள், மிருகம் எங்கள் பக்கம் வெளியே வரும். அப்போது தாய் மட்டும் வருகிறதா, பின்னால் கன்றும் வருகிறதா என்று பார்க்க வேண்டும். கன்று இருந்தால் தாயைச் சுடக் கூடாது, அதுதான் அங்கே சட்டம். சுடலாம் என்றால் இவருடைய முழங்காலில் தட்டுவேன். பொறுங்கள் என்றால் சட்டைக் கையைப் பிடிப்பேன். வாய் திறக்கக் கூடாது. வாய் மூடி நான் இருக்கிற ஒரே இடம் அதுதான் என்று மகள் எல்லாருக்கும் சொல்லித் திரிகிறாள்.

போன மாரிக் குளிரில் என் வலக்கண் போய்விட்டது. இரத்தத்தில் சீனி கூடுகிற வருத்தம் செய்த வேலை. வெளிச்சம் தெரியும், உருவம் தெரியாது. கவலைப்பட்டேன்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒரு கண்ணால் கறி வைக்கலாம், பஸ் ஏறலாம், உங்களோடு கதைக்கலாம். பண்ணைக் கிழவர் போன் எடுத்துச் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இந்த முறை நான் காட்டுக் குடிலில் இருந்து எல்லாருக்கும் கோப்பி வைத்தால் போதுமாம், என் இடத்தில் வேறு ஆளைப் போடலாமாம். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் கேத்திலுக்குக் காவல் இருக்கவா நான் அவ்வளவு தூரம் போகிறேன்?

இவர் போனை வைத்துவிட்டு, "இஞ்சேர், நீ வராட்டி நானும் போகேல்லை" என்றார்.

"ஏன், கோப்பி நல்லாய்த்தானே வைப்பன்."

"உன்ரை கோப்பியைத்தான் வீட்டிலை ஒவ்வொரு நாளும் குடிக்கிறனே."

பிறகு தொலைக்காட்சியைப் போட்டுக்கொண்டு இருந்துவிட்டார். அதில் என்ன போனது என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. இவர் போகாமல் விட்டால் அந்த மாரி முழுக்க எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியும். ஆகவே நான் எப்படியாவது மரக்குற்றிக்குப் பின்னால் போய் இருந்தாக வேண்டும்.

இரண்டு கண்ணுக்கான எங்கள் பழைய பைனாக்குலரில் ஒரு பக்கம் இனி சும்மா பாரம்தான். மகள்தான் ஒரு கண்ணால் பார்க்க ஒற்றைக் குழாய் என்று ஒரு சாமான் இருக்கிறது என்றாள். மூன்று பேருமாக ரயில் ஏறி நகரத்தில் வேட்டைச் சாமான் விற்கிற கடைக்குப் போனோம். வழியெல்லாம் மகள், "அம்மா, கடையிலை எல்லாத்தையும் தொட்டுப் பாக்காதேங்கோ" என்றபடி வந்தாள். பிறகு எப்படிச் சாமான் வாங்குவது?

கடைக்காரர் தாடி வைத்த பெரிய மனிதர். சின்னது, நடுத்தரம், பெரிது என்று எடுத்து வைத்துவிட்டு, பெரியதை முதலில் என்னிடம் நீட்டினார். வாங்கிக் கண்ணில் வைத்தேன். ஒரே இருட்டு.

"ஒண்டும் தெரியேல்லை," என்றேன்.

இவர் மகளிடம், "மூடி கழட்டினதோ எண்டு கேள். இல்லாட்டிச் சாமான் பழுது" என்றார்.

மகள் என்னைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினாள். "அம்மா, நீங்கள் ஏலாத கண்ணிலை எல்லோ வைச்சிருக்கிறியள்."

வலக்கையால் வாங்கினால் அது வலக்கண்ணுக்குத்தானே போகும்? "இடக்கையாலை பிடியன்," என்றார் இவர். "புதுச் சாமானை ஆரும் இடக்கையாலை வாங்கிறதோ," என்று கேட்டேன். ஆகவே வலக்கையால் பிடித்து, மூக்குக்குக் குறுக்கே கொண்டுபோய் இடக்கண்ணில் வைத்தேன். என் மூக்குக் கண்ணாடி தடுத்தது, ஒரு காசுக் குற்றி அளவு வட்டம்தான் தெரிந்தது. தாடிக்காரர் குழாயின் ரப்பர் விளிம்பை மடித்துவிட்டார். வட்டம் அகன்றது. சரி என்று கடை வாசலுக்குப் போனோம்.

எதிர்க் கட்டடத்தின் கூரையில் ஒரு கடற்காகம் இருந்தது. சின்னக் குழாயால் பார்த்தேன். கூரை, புகைபோக்கி, காகம் எல்லாம் உடனே கிடைத்தன. பெரிய குழாயால் பார்த்தேன். வானம், வானம், பிறகும் வானம். ஒருவாறு காகத்தைப் பிடித்தால் அதன் கண்ணில் மஞ்சள் வளையம்கூடத் தெரிந்தது. ஆனால் காகம் ஆடியது, கூரை ஆடியது, நான் மீன்பிடி வள்ளத்தில் நிற்கிற மாதிரி இருந்தது.

மகள் தாடிக்காரர் சொன்னதை மொழிபெயர்த்தாள். "பெருப்பிக்கிறது கூடக் கூடக் கை நடுங்கிறதும் பெருத்துத் தெரியுமாம். பொழுதுபடேக்கை மங்கலாயும் இருக்குமாம். அம்மாவுக்குச் சின்னன் போதுமாம். பெரிசு எண்டால் மூண்டு கால் தாங்கியிலை வைச்சுத்தான் பாக்க வேணுமாம்."

"அவருக்கு ரெண்டு கண் இருக்கு, அவர் அப்பிடித்தான் சொல்லுவார்," என்றார் இவர். "உன்ரை அம்மாவின்ரை ஒரு கண் ரெண்டு கண்ணின்ரை வேலை செய்ய வேணும். அப்ப பெரிசுதான் வேணும்."

"அப்பா, அது அப்பிடிக் கணக்குப் பாக்கிற விசயமில்லை."

"உனக்குத் தெரியாது, நீ பேசாமல் இரு."

என் மனம் சின்னதிடம் இருந்தது, பிள்ளை. ஆனால் இவர் அந்தப் பெரிய குழாயைத் தன் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டு நின்ற விதத்தைப் பார்த்தேன். போன கண்ணையே வாங்கித் தருகிற மாதிரி நின்றார். "பெரிசுதான் வடிவு," என்றேன். மகள் கண்ணை மேலே உருட்டினாள்.

அதற்குப் பிறகுதான் நான் பல்கனியில் பழகத் தொடங்கியது. எதிர் புளொக்குக்குப் பின்னால் காட்டு விளிம்பு தெரிகிறது பாருங்கள், அதைத்தான் பார்த்தேன். முதலில் வெறுங்கண்ணால் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல் குழாயை முன்னால் கொண்டுவரப் பழகினேன். கண்டுபிடிக்க முடிந்தது. நடுக்கம்தான் போகவில்லை. இடையில் குசினிகளும் வந்து போயின, நான் என்ன செய்ய? அந்த மூன்று கால் தாங்கியைத் தூக்கிக்கொண்டு சதுப்புக்குள் நடக்க இவரால் முடியாது. எனக்கும் முடியாது.

ஒருநாள் அடி உருண்ட தாச்சிச் சட்டியை இறக்கி மேசையில் வைக்கிறேன். ஆடாமல் இருக்க வழக்கம்போலப் பழைய சேலைத் துண்டைச் சுருட்டிச் சும்மாடு வைத்து அதற்குமேல் வைத்தேன். வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு இன்னொரு சும்மாடு சுருட்டிக்கொண்டு பல்கனிக்கு ஓடினேன். கம்பியில் அதை வைத்து, குழாயை அதன் நடுவில் படுக்க வைத்துக் கண்ணைக் கொடுத்தேன். மரம் அசையாமல் நின்றது. கிளையில் இருந்த பறவை செட்டை கோதுவது தெரிந்தது. குசினியில் தாச்சி ஆறிப்போனது.

வேட்டை நாளில் போய் இறங்கியதும் கிழவர் என் கழுத்தில் குழாயையும் கையில் சேலைத் துண்டையும் கண்டு சிரித்தார். ஒரு காலை மட்டும் இருந்து பாருங்கள், சரிவராவிட்டால் கோப்பி என்றார். நாங்கள் போய் இருந்தோம். நாய் தூரத்தில் குரைத்தது. சதுப்பின் அந்தக் கரையில் பழுப்பாக ஒன்று பற்றைச் செடிகளுக்குள் நின்றது. வெறுங்கண்ணால் பிடித்தேன். மரக்குற்றியில் சும்மாடு, அதில் குழாய். தாய் எல்க். தனியாகத்தான் நின்றது. இவர் துவக்கைத் தோளில் வைத்துவிட்டார். முழங்காலில் தட்டக் கையைத் தூக்கினேன். அப்போது அதன் வயிற்றுக்குக் கீழே, பற்றைக்குள், வேறு மெல்லிய கால்களும் தெரிந்தன. இவருடைய சட்டைக் கையைப் பிடித்தேன். துவக்கு இறங்கியது. கொஞ்ச நேரத்தில் தாய் தண்ணீரைக் கடந்தது, பின்னால் கன்றும் தத்தித் தத்தி வந்தது.

கன்றைச் சுடலாம், அதற்கு எங்களுக்கு அனுமதி இருந்தது. இவர் சுடவில்லை. இரண்டும் காட்டுக்குள் போன பிறகு ஏன் என்று கேட்டேன்.

"நீ கையை விடேல்லையே," என்றார்.

கிழவர் வந்து, ஈரத்தில் பதிந்திருந்த சின்னக் குளம்படிகளைக் குனிந்து பார்த்தார். எங்கள் மரக்குற்றிக்கு வந்து சும்மாட்டில் கிடந்த குழாயால் அக்கரையைப் பார்த்தார். பிறகு தன் கேத்திலை எடுத்து இவருடைய கையில் கொடுத்தார். அடுத்த முறை நீ கோப்பி வை, அவ இங்கே இருந்து பார்க்கட்டும் என்றார். இவருக்கு அவ்வளவு சந்தோசம். வழி நீளத்துக்கும் கேத்திலைக் கீழே வைக்கவில்லை.

இறைச்சி வேறு ஆட்கள் சுட்டதில் எங்கள் பங்கு. உங்களுக்கும் ஒரு சட்டி போட்டுத் தருவேன், கீழ் வீட்டுக்காரிக்கும் கொஞ்சம் கொடுத்துவிட வேண்டும், அப்போதாவது அவளுடைய வாய்… பொறுங்கள் பிள்ளை, மூடி துள்ளுகிறது. அடியில் பிடிக்கப் போகிறது, அந்த அகப்பையை இங்கே தாருங்கள்.