புடவையின் உள்பக்கம்

பிள்ளையார்பாளையம் சபைக்கு நான் போதகராக வந்த புதிது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, "நம் வாழ்க்கை பட்டுப்புடவை மாதிரி. நமக்குத் தெரிவது உள்பக்கத்துப் பிசிறும் முடிச்சும்தான், அழகான மேல்பக்கத்தைக் கர்த்தர் பார்க்கிறார்" என்று பிரசங்கித்தேன். ஏதோ புத்தகத்தில் படித்த உவமை. சபையில் பாதிப் பேர் நெசவாளர்கள், நன்றாக எடுபடும் என்று நினைத்தேன்.

ஆராதனை முடிந்ததும் தறி நெய்யும் மேரி வந்தார். என் மனைவியும் பக்கத்தில் இருந்தாள்.

"தப்பா நினைச்சிக்காதீங்க பாஸ்டர். உள்பக்கம் பிசிறா இருந்தா முதலாளி அந்தப் புடவைய எடுக்கவே மாட்டாரு. மொதல்ல அதத்தான் திருப்பிப் பாக்குறாரு" என்றார்.

நான் சிரித்துச் சமாளித்தேன். மனைவி சிரிக்கவில்லை. சட்டையைத் தேய்த்து வைக்கவில்லை என்று காலையில் அவளிடம் கத்திவிட்டு, அதே வாயோடுதான் பிரசங்கம் செய்திருந்தேன்.

வீட்டுக்குப் போனதும் மன்னிப்புக் கேட்டேன். "சரி. அடுத்த வாரத்துலருந்து நீங்களே தேச்சிக்கங்க" என்றாள்.

அந்த உவமையை அதற்குப் பிறகு நான் சொன்னதில்லை. ஞாயிறுதோறும் சட்டையை நானே தேய்க்கிறேன், முதலில் உள்பக்கத்தைத் திருப்பிப் போட்டு.