ஓதம் ஏறாத சுவர்

போதும். ஐந்து வருடம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன். சூசைநாதன் மாஸ்டர் போன பிறகும் மூடிக்கொண்டிருந்தால் அதற்குப் பொறுமை என்று பெயர் இல்லை.

செய்தி வாட்ஸ்அப்பில் வந்தது. பங்குப் பேரவைக் குழுவில் பெரிய வீட்டு ராயப்பன் போட்டிருந்தார். ஒரு ரோஜாப்பூ, ஒரு மெழுகுவத்தி, கூப்பிய கைகள். "நமது ஆலயத்தில் சிலுவைப் பாதை ஓவியங்களை வரைந்த டிராயிங் மாஸ்டர் சூசைநாதன் அவர்கள் இறைவனில் இளைப்பாறினார்." கீழே வரிசையாகக் கும்பிடு. அந்த ஓவியங்கள் இப்போது எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் ஒரு கும்பிடு போட்டேன்.

விழுப்புரத்தில் அடக்கம். ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் அவர் இருந்த வாடகை வீட்டின் வாசலில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். மனைவி முன்பே போய்விட்டார், பிள்ளைகள் இல்லை. நம் ஊரிலிருந்து வந்தது இரண்டே பேர். ஒருவன் நான். மற்றவர் ராயப்பனின் மனைவி அமலோற்பவம் அக்கா. பஸ் பிடித்துத் தனியாக வந்திருந்தார். அங்கே அவர் என்னிடம் சொன்னதைக் கடைசியில் எழுதுகிறேன்.

போன வாரம் ராயப்பன் போன் செய்தார். "தமிழய்யா, மாஸ்டருக்கு முப்பதாம் நாள் பூசை வைக்கிறோம். நோட்டீஸ்ல போட நாலு வரி எழுதிக் குடுத்துடுங்க. உங்க தமிழ் எங்களுக்கு வராது."

"படங்களப் பத்தி எழுதலாமா?"

"தாராளமா. சுவத்துல ஈரம் ஊறி, ஓதம் ஏறி வீணாப் பூடுச்சி, அதனால டைல்ஸ் ஒட்ட வேண்டியதாச்சின்னு சுருக்கமா எழுதுங்க. நீங்க சொன்னதுதானே அது?"

ஆமாம், நான் சொன்னதுதான். அந்த நாலு வரிக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். அந்தச் சுவரில் முகம் இருந்த உங்கள் எல்லோருக்கும்.

திண்டிவனத்துப் பள்ளியில் அவர் ஓவிய ஆசிரியர், நான் தமிழாசிரியர். தினமும் விழுப்புரத்திலிருந்து பாசஞ்சரில் வந்து இறங்குவார். கையில் ஒரு மஞ்சள் பை, அதில் திருத்திய பழைய விடைத்தாள்கள். அவற்றின் பின்பக்கத்தில் ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவர்களை வரைந்துகொண்டே வருவார். எங்கள் ஆசிரியர் அறையில் அவருக்கு மேசை கிடையாது; ஓவியப் பாடத்துக்கு எதற்கு மேசை என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். அதற்காக நான் அந்தத் தலைமையாசிரியரை இன்னும் மன்னிக்கவில்லை. மாஸ்டர் மறுநாளே மறந்துவிட்டார்.

நான் காலனியில் பிறந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரே கோயில், ஒரே ஞானஸ்நானம்; ஆனால் பெரிய வீட்டாருக்கு ரோட்டோரம் கல்லறை, எங்களுக்கு ஏரிக்கரையோரம். கல்லூரிக்குப் போனபின் கல்யாணத்துக்கும் சாவுக்கும் தவிர நான் கோயிலுக்குள் நுழைந்ததில்லை. மாஸ்டர் எந்தத் தெருக்காரர், எந்த வகையறா என்று அவர் நம் கோயிலில் வேலை செய்த ஒரு வருடமும் இரண்டு பக்கத்தாரும் துருவிப் பார்த்தார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் "விழுப்புரம் பாசஞ்சர்" என்று பதில் சொன்னார்.

பழைய பங்குச் சாமியார் அவரிடம் சிலுவைப் பாதையின் பதினான்கு நிலைகளையும் கோயில் சுவரிலேயே வரைந்து தரச் சொன்னார். மாஸ்டர் உடனே தூரிகையை எடுக்கவில்லை. சுவரைச் சுரண்டி, புதிதாகப் பூசி, மூன்று மாதம் காயவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து சுவரில் கன்னத்தை வைத்துப் பார்ப்பார். "இன்னும் ஈரம் இருக்குது" என்று சொல்லிவிட்டு ரயிலுக்குப் போய்விடுவார். அந்தச் சுவரில் ஓதம் ஏறியது என்று எழுதச் சொல்கிறார்கள்.

ஆண்டவரைச் சிலுவையில் அறைந்த கொல்கொதா மலைக்காக அவர் பெருமுக்கல் குன்றுக்குப் போய்ப் பாறைகளை வரைந்துகொண்டு வந்தார். முகங்களுக்கு நம் ஊர். ராயப்பனைக் குதிரைமேல் ரோமைப் படையின் நூற்றுவர் தலைவனாகப் போட்டார். ராயப்பனுக்கு அப்போது தலைகால் புரியவில்லை. குதிரைக்கு இன்னும் கொஞ்சம் உயரம் கொடுக்கச் சொன்னார். அமலோற்பவம் அக்காவை வெரோணிக்காவாகப் போட்டார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து ஆண்டவருடைய முகத்தைத் துணியால் துடைத்தவள். அந்த முகம் துணியிலேயே பதிந்துவிட்டது என்பார்கள். துணி வரைந்தாயிற்று, கைகள் வரைந்தாயிற்று. துணியில் மட்டும் ஒன்றுமில்லை. பதினான்கு படத்திலும் ஆண்டவருடைய முகத்தின் இடம் வெள்ளையாகவே இருந்தது. "இன்னும் ஆள் வரல" என்றார்.

என்னைச் சீரேனே ஊர் சீமோனாகப் போட்டார். சிலுவையைத் தூக்க உதவியவன் ஆயிற்றே என்று எனக்குள் கொஞ்சம் பெருமை. ஏன் என்னை என்று கேட்டேன்.

"சீமோன் தானாவா வந்தான் தமிழய்யா? வயல்லேந்து வூட்டுக்குப் போய்க்கினு இருந்தவன இஸ்துக்கினு வந்து தூக்க வச்சாங்க. 'எனக்கு எதுக்குடா இந்த வம்பு'ன்னு ஒரு மூஞ்சி வேணும். நீங்க எப்பவும் அதைத்தான் வச்சிக்கினு இருக்கிறீங்க."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அதை நான் வெகு காலம் மனதில் வைத்திருந்தேன். அவர் பெட்டியின்மேல் மண் போட்டபோதுகூட நினைவுக்கு வந்தது.

ஒவ்வொரு படத்துக்கும் கீழே எழுத ஒரு வாசகம் கேட்டார். பதின்மூன்றாம் நிலைக்கு, அதாவது இறந்த மகனைத் தாயின் மடியில் கிடத்தும் இடத்துக்கு, நான் எதுகை மோனையோடு பன்னிரண்டு அடி எழுதிக்கொண்டு போனேன். படித்துப் பார்த்தார். "இஸ்திரி போட்ட சட்ட மாதிரி இருக்குது தமிழய்யா" என்று திருப்பிக் கொடுத்தார்.

பிறகு காலனியிலிருந்து செல்வராணி அக்காவைக் கூட்டிவரச் சொன்னார். அவருடைய மகன் நெடுஞ்சாலையில் லாரி அடித்துச் செத்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. களை எடுத்த கை கால்களோடு வந்தவர் வாசலிலேயே நின்றார். "சேறாக் கீது சார், உள்ள எப்படி வர்றது?" "சேத்தோட வாங்க. மாதாவும் அன்னிக்குக் குளிச்சிட்டு வரல" என்றார் மாஸ்டர். அக்கா படத்துக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து வெகு நேரம் பார்த்தார். யாரும் கேட்காமல் ஒப்பாரி எடுத்தார். "மடியில கெடந்தப்போ கனமே இல்லியே மகனே, இப்போ எதுக்கு இத்தினி கனம்." அதையேதான் திரும்பத் திரும்பப் பாடினார். ஒவ்வொரு தடவையும் இழுவை வேறாக இருந்தது. மாஸ்டர் துணியை நனைத்து, அதுவரை வரைந்திருந்த தாயின் முகத்தை முழுவதும் துடைத்துவிட்டு மறுபடி தொடங்கினார். கீழே அக்காவின் வரியையே எழுதினார். இருபது வருடம் இலக்கியம் நடத்திய நான் அன்றைக்குத்தான் கவிதை என்றால் என்னவென்று பார்த்தேன். என் பன்னிரண்டு அடியைக் கிழித்துப்போட்டேன்.

கடைசியில் அந்த முகம் கிடைத்தது. திண்டிவனத்தில் மல்லாட்டைக் கடலை மண்டியில் மூட்டை தூக்கும் அந்தோணியின் முகம். என் தெருக்காரன், எனக்குத் தம்பி முறை. மூட்டையை இறக்கிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்த நொடியில் மாஸ்டர் பார்த்திருக்கிறார். மண்டி வாசலில் நின்றே விடைத்தாளின் பின்னால் வரைந்துகொண்டார்.

தவக்காலத்து முதல் வெள்ளிக்கிழமை, படங்களை மறைத்திருந்த திரையை எடுத்தார்கள். ஒவ்வொரு நிலைக்கும் முன்னால் முட்டி போட்டு எழுந்து அடுத்ததற்கு நகர்வதுதான் நம் வழக்கம். பின்னாலிருந்து யாரோ கிசுகிசுத்தார்கள்: "இன்னாடா அந்தோணி, உனுக்கு நீயே முட்டி போடுறியா?" "பேஜாரு பண்ணாதீங்கப்பா, சாமி பாக்கறாரு" என்று அவன் துண்டால் தலையை மூடிக்கொண்டான். ஆறாம் நிலையில் கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. பெரிய வீட்டு அமலோற்பவம் அக்கா இரண்டு கையாலும் விரித்துப் பிடித்திருந்த துணியில் காலனி அந்தோணியின் முகம்.

நான் முட்டி போட்டேன். கல்லூரிக்குப் போனபின் முதல் முறையாக. கடவுளைப் பற்றி நான் படித்த புத்தகங்களெல்லாம் என்னை வாதாடத்தான் பழக்கியிருந்தன. அந்த முகத்தோடு வாதாட ஒன்றுமில்லை. அது எங்கள் தெருவின் முகம், அழகாக இருந்தது. எங்களில் ஒருவனை அழகு என்று யாரும் சுவரில் எழுதி நான் பார்த்ததில்லை. அதற்குப்பின் ஏழு வருடம் வெள்ளிக்கிழமை தவறாமல் போனேன். பங்குப் பேரவையில் காலனிக்கென்று இருந்த ஒரே இடத்தையும் செயலாளர் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டேன்.

பழைய சாமியார் மாற்றலாகிப் புதியவர் வந்தார். ஒரு ஞாயிறு பூசைக்குப்பின் பேரவை கூடியது. ராயப்பன் முதலில் டைல்ஸைப் பற்றித்தான் பேசினார். "இப்ப படம் போட்ட டைல்ஸே வருது சாமி. தொடச்சி வுட்டா பளபளன்னு இருக்கும்."

"இருக்கிற படமே நல்லாத்தானே இருக்கு" என்றார் சாமியார்.

"உங்களுக்கு நல்லாத்தான் இருக்கும். என் பொண்டாட்டி கையில அந்தோணி மூஞ்சி. வெள்ளிக்கெழமையானா ஊரே அதும் முன்னாடி முட்டி போடுது. நான் எப்படி சாமி தெருவுல நடக்கறது?"

சாமியார் என் பக்கம் திரும்பினார். "செயலாளர் என்ன சொல்றீங்க? அந்தோணி உங்க தெருதானே?"

சாமியார்கள் நடத்தும் ஒரு பள்ளியில் என் மகளுக்கு ஆசிரியை வேலை அப்போது ஏறக்குறைய முடிவாகியிருந்தது. பங்குச் சாமியாரின் கடிதம் ஒன்றுதான் பாக்கி.

"சுவர்ல கொஞ்சம் ஓதம் தெரியுது ஃபாதர்" என்றேன்.

எல்லோரும் மூச்சு விட்டார்கள். யாரும் வெட்கப்படத் தேவையில்லாத ஒரு காரணம் கிடைத்துவிட்டது. ராயப்பன் என் தோளில் கை வைத்தார், வாழ்க்கையில் முதல் முறையாக. தீர்மானப் புத்தகத்தில் நானே எழுதினேன்: "ஆலயச் சுவரில் ஓதம் ஏறியுள்ளமையால்." ஒற்றுப்பிழைகூட இல்லை. அடுத்த வாரம் மகளுக்குக் கடிதம் கிடைத்தது.

டைல்ஸ் பெட்டிகளை வண்டியிலிருந்து இறக்க வந்தவன் அந்தோணி. வேறு யார் வருவார்கள்? மூட்டை தூக்குபவன் அவன்தானே. "நம்ம மூஞ்சி மேல ஒட்டறத நம்மளே தூக்கினு வர்றோம், பாத்துக்கோ" என்று கூட வந்தவனிடம் சொல்லிச் சிரித்தான். என்னைப் பார்த்ததும், "அண்ணே, இது ஒண்ணுக்கு மட்டும் ஒரு கை குடுங்க" என்றான். எனக்கு இடுப்பு வலி என்று சொன்னேன். உள்ளே சிமென்ட் பிடிப்பதற்காகச் சுவரைக் கொத்திக்கொண்டிருந்தார்கள். கொட்டிய தூள் காய்ந்த புழுதியாகப் பறந்தது. காலனியிலிருந்தும் ஒருவரும் வந்து கேட்கவில்லை. அவர்களையும் நான் மன்னிக்கவில்லை.

அந்தப் பெரிய வெள்ளிக்கு மாஸ்டர் வந்தார். யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. பதினான்கு டைல்ஸிலும் வெள்ளைக்கார இயேசு பளபளத்துக்கொண்டிருந்தார். ஆறாவதன் எதிரில் நின்று, டைல்ஸில் கன்னத்தை வைத்துப் பார்த்தார். "ஈரம் இல்ல தமிழய்யா" என்றார். அவ்வளவுதான். கடைசி வரை ஏன் என்று என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவரிடமும் ஒரு காரணம் சொல்லியிருப்பேன். அவர் கேட்காததுதான் மனதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது.

விழுப்புரத்தில் அமலோற்பவம் அக்கா சொன்னது இது. "என்னை யாரும் கேக்கல தமிழய்யா. அந்தத் துணிய நான் கீழயே வைக்கலியே. அவங்கதான் மேல ஒட்டிட்டாங்க."

நான் இப்போதும் வெள்ளிக்கிழமை போகிறேன். முட்டி போடுகிறேன். எதிரில் எதுவும் இல்லை. அழகு வழியாக வந்த விசுவாசம், அழகைக் கொத்தி எடுத்தபின் எங்கே தங்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அது திரும்பி வரும் என்று ஆறுதல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. கொத்திய சுவரில் எதுவும் முளைக்காது.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு விடைத்தாள். முன்பக்கம் யாரோ ஒரு மாணவன் தமிழில் வாங்கிய குறைந்த மதிப்பெண், என் சிவப்பு மை. பின்பக்கம் பென்சிலில் சீமோனாக நான். தோளில் மரம் இன்னும் ஏறவில்லை. வம்பு வேண்டாம் என்கிற அதே முகம். கீழே அவர் பெயர் இல்லை. எதிலும் அவர் பெயர் போட்டதில்லை. "கீழ பேர் இருந்தா, முட்டி போடறவங்க எனக்குப் போட்ட மாதிரி ஆயிடும்" என்பார்.

இதிலும் பெயர் இல்லை. காரணம் அவருடையது அல்ல. இது யார் எழுதியது என்று உங்கள் எல்லோருக்கும் பாதியிலேயே தெரிந்திருக்கும். ஆனால் கையெழுத்தில்லாத தாளைக் காட்டி யாரும் என் மகளைக் கூப்பிட்டு விசாரிக்க முடியாது. தீர்மானப் புத்தகத்தில் இருக்கும் என் எழுத்தோடு ஒப்பிடக்கூடாது என்பதற்காக நானே தட்டச்சு செய்தேன். உறைகள் தயாராக இருக்கின்றன. திண்டிவனத்தில் போட்டால் முத்திரை காட்டிக்கொடுக்கும். நாளைக் காலை பாசஞ்சரில் விழுப்புரம் போய், ஸ்டேஷன் தபால் பெட்டியில் போடப் போகிறேன். பெயர் எழுத வேண்டிய இடம் வெள்ளையாகவே இருக்கட்டும்.