கல் சிங்கத்தின் வயது

அந்தத் தெருவில் ஃபேன் ரிப்பேர் செய்கிறவருக்குப் பம்பரம் என்றுதான் பெயர். அவரிடம் ஃபேனைக் கொடுத்த கையோடு கிளம்பிவிடுகிறவன் பிழைத்தான். நின்றால் போச்சு. இழுப்பறையிலிருந்து ஒரு பம்பரத்தை எடுத்து மேசையில் சுழற்றிவிடுவார். பம்பரம் வேகமாகச் சுற்றும்போதே அதன் தலை மெதுவாக ஒரு வட்டம் போடுகிறது, பூமியின் அச்சும் அப்படித்தான் என்று ஆரம்பிப்பார். அந்த வட்டம் ஒருமுறை முடிய ஏறக்குறைய இருபத்தாறாயிரம் வருஷம் ஆகும். அதனால் துருவ நட்சத்திரமே மாறிப்போகும். பகலும் இரவும் சமமாக இருக்கும் நாளில் சூரியன் எந்த ராசியில் உதிக்கிறது என்பதும் மாறிப்போகும். இதுவரைக்கும் பள்ளிக்கூடப் புத்தகமே ஒத்துக்கொள்ளும். வம்பு அதற்கப்புறம்தான்.

எங்கோ ஒரு பாலைவனத்தில் கிழக்கே பார்த்தபடி கல் சிங்கம் ஒன்று படுத்திருக்கிறதல்லவா? பன்னிரண்டாயிரம் வருஷத்துக்கும் முன்னால் அந்தச் சமநாளில் சூரியன் சிம்ம ராசியில் உதித்தது. ஆகவே சிங்கத்தைச் செதுக்கியவர்கள் அந்தக் காலத்து ஆட்கள். சரித்திரக்காரர்களுக்குப் பிடிபடாத மகா கெட்டிக்கார ஜனம். கடல் பொங்கி அழிந்துபோனார்கள். இதுதான் பம்பரத்தின் கட்சி.

எதிர்க்கட்சி அதே கடையின் இன்னொரு ஓரத்தில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருந்தது. அவர் மனைவிதான். சிங்கம் செய்கிறவன் சிங்கத்தைப் பார்த்துச் செய்வானா, ஆகாசத்தைப் பார்த்தா என்று கேட்பாள். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதீர்கள் என்பாள். அவ்வளவு பெரிய ஜனம் துணி கட்டாமலா திரிந்தது, ஒடிந்த ஊசி ஒன்றாவது கிடைத்ததா என்பாள். எல்லாம் கடலுக்குள் போய்விட்டது என்பார் அவர். கேட்டதையெல்லாம் கொண்டுபோக நல்ல தோதான கடல்தான் என்று அவள் பெடலை மிதிப்பாள். கல்யாணமான புதிதில் தொடங்கிய சண்டை. பேரப்பிள்ளைகள் வந்த பிறகும் இருவரும் ஓர் அங்குலம் நகரவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் சிங்கம் இல்லாவிட்டால் அவளுக்கே என்னவோ போலிருக்கும்.

அப்பேர்ப்பட்ட பம்பரத்தின் வாயைப் பக்கவாதம் வந்து அடைத்தது.

கால் மெல்லத் தேறியது, கையும் ஓரளவு தேறியது. பேச்சு மட்டும் வரவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் நல்லவள்தான். கோப்பை, நாற்காலி, பூனை என்று படங்களைக் காட்டுவாள். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். இருபத்தாறாயிரம் வருஷத்தைப் பேசிய மனிதனைப் 'பூனை' சொல்லச் சொன்னால் ரோஷம் வராதா? இப்படி முயற்சியே செய்யாமல் விட்டால் அப்புறம் ரொம்பக் கஷ்டம் என்று அந்தப் பெண் வாசலில் வைத்துச் சொல்லிவிட்டுப் போனாள். தையல்காரம்மா உள்ளே வந்து அவர் முகத்தையே பார்த்தாள். இனி இவர் குரலைக் கேட்கவே முடியாதா?

மகள் வந்தாள், அக்கம்பக்கத்தார் வந்தார்கள். எல்லோரும் அவர் எதைப் பார்த்தாலும் "ஆமாம், ஆமாம்" என்று தலையாட்டினார்கள். குழந்தையிடம் பேசுவதுபோல் பேசினார்கள். தையல்காரம்மாவும் அப்படித்தான் ஆகிப்போனாள். அவரைச் சந்தோஷப்படுத்த எதையும் விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தாள், பாவம்.

ஒரு மத்தியானம், பள்ளிச் சீருடை ஒன்றுக்குப் பட்டன் தைத்துக்கொண்டே அந்தக் கடைசிச் சொத்தையும் விட்டுக்கொடுத்தாள்.

"நல்லா யோசிச்சுப் பாத்தேங்க. நீங்க சொன்னதுதான் சரி. அந்தச் சிங்கம் அந்தக் காலத்துதான். ஊசியெல்லாம் கடல்லதான் போயிருக்கும்."

அவர் சட்டென்று திரும்பினார். முகம் சிவந்தது. வாய் கோணிக்கொண்டு எதையோ பிடித்து இழுத்தது. தண்ணீர் கேட்கிறாரோ என்று அவள் டம்ளரை நீட்டினாள், தட்டிவிட்டார்.

"பொ..." என்றார். மூச்சு வாங்கியது. "பொய். பொய் சொல்றே."

பட்டன்கள் மடியிலிருந்து உருண்டு ஓடின. அவள் பொறுக்கவில்லை. அவர் காலடியில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அழுது முடித்ததும் வந்தது பாருங்கள் கோபம்!

"ஆமா, பொய்தான். உங்க சிங்கத்தை நான் ஒருநாளும் நம்பினதில்ல, இனியும் நம்பமாட்டேன். ஒடிஞ்ச ஊசி ஒண்ணாவது கிடைச்சுதா? வாயை மூடிட்டு உக்காந்துட்டா நான் ஒத்துக்குவேன்னு நெனச்சீங்களா? சண்டை போட ஆளில்லாம எனக்கு இந்த வீடே பிடிக்கலங்க."

அவர் கோணல் வாயோடு சிரித்தார். நல்ல கையால் நாற்காலியைத் தட்டினார். மறுபடி உதடு நடுங்கியது. "க... கட..."

அவர் என்ன சொல்ல வருகிறார் என்று அவளுக்குத் தெரியாதா? எத்தனை வருஷமாகக் கேட்ட பதில்! அவள் நாக்கு நுனி வரை வந்துவிட்டது, எடுத்துக்கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, இடுப்பில் கைவைத்து எதிரே நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"முழுசாச் சொல்லுங்க. அரைகுறையாச் சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்."