சீஃபின் மைல்களும் ஒரு கான் மண்ணெண்ணெயும்

அந்த ஃபாக்ஸ் வந்தது மாதத்தின் கடைசி நாள் காலையில். விமானக் கம்பனியின் கொழும்பு அலுவலகம் அனுப்பியிருந்தது: நாளை முதல் இலவச ரிக்கற்றுக்கு வேண்டிய மைல்கள் கூடுகின்றன.

யுத்த காலம். திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ட்ரவல் ஏஜென்சியில் ரிக்கற் போடுவது என் வேலை. எங்களிடம் மைல் சேர்த்தவர்கள் ஏழெட்டுக் கப்பல்காரர்தான். கப்பல் ஏறப் போகவும் இறங்கி வரவும் கப்பல் முதலாளி செலவில் பறப்பார்கள்; பறந்த தூரம் மைலாக இவர்கள் பேரில் ஏறும், போதிய மைல் சேர்ந்தால் ஒரு ரிக்கற் இலவசம்.

அவர்களில் பெரிய சேமிப்புக்காரர் லிங்கநகர் தவராசா. கப்பலில் சீஃப் என்ஜினியர், ஊருக்கும் 'சீஃப்'தான். லண்டனில் மகளுக்கு மூன்று கிழமையில் தலைப்பிரசவம். அவரும் மனைவி புவனமும் போக எகனமியில் இரண்டு ரிக்கற்றுக்கு மைல் இருந்தது. விடிந்தால் அது ஒன்றுக்குத்தான் காணும். சீஃப் கடைசிக் கப்பலை விட்டு இறங்கி ஒரு வருடம், சம்பளம் இல்லை. மற்ற ரிக்கற்றைக் காசுக்கு எடுக்க வழியில்லை.

ஆளனுப்பினேன். இருவரும் வந்தார்கள்.

"இன்னும் ஒரு கப்பல் ஏறினால் ரெண்டு பிஸ்னஸ் கிளாஸ் வரும், பிள்ளை. கொஞ்சம் பொறுங்கோ."

"நான் பொறுப்பன், சீஃப். கம்பனி பொறுக்காது."

"பறந்த மைல் பறந்ததுதானே? கடலில மைல் கூடிக் குறையுமே?"

"இது கடல் மைல் இல்லை. அளவுகோல் அவையின்ர கையில."

புவனம் அக்கா கதிரையை இழுத்துப் போட்டார். "அடுத்த சண்டைக்கெண்டு இவர் வைச்ச சவுக்காரத்தை எலி தின்னுது, தங்கச்சி. மைலையும் அப்பிடித்தான் பதுக்கி வைச்சிருக்கிறார். மகளின்ர குழந்தை பிஸ்னஸ் கிளாஸ் வருமட்டும் காத்திருக்குமே?"

"எகனமியில பத்து மணித்தியாலம் முழங்கால் மடக்கி இருக்க ஏலாது, புவனம்."

"எஞ்சின் ரூமுக்க தவண்டு திரிஞ்ச முழங்கால்தானே!"

சீஃப் படிவத்தில் கையெழுத்திடப் பேனையைக் கேட்டார். நான் கொடுக்கவில்லை. முதலில் சீற், பிறகுதான் கையெழுத்து; மைலைக் கழித்தபின் சீற் இல்லையென்றால் அழுதும் வராது. கொழும்புக்குப் போன் எடுத்தேன். சீஃபும் அக்காவும் கேட்ட வெள்ளிக்கிழமை ஒரு சீற்தான். செவ்வாயில் இரண்டு. செவ்வாய் என்றேன். கையெழுத்திட்ட படிவம் ஐந்து மணிக்குள் ஃபாக்ஸில் வரவேண்டும் என்றார்கள்.

சீஃப் கையெழுத்திட்டதும் படிவத்தை மெஷினில் வைத்தேன். கரண்ட் போனது.

மூன்று மணியாகியும் வரவில்லை. பக்கத்துக் கடையில் ஜெனரேற்றர் இருந்தது. ஊற்ற மண்ணெண்ணெய் இல்லை. அந்த நாளில் கடைத்தெருவில் ஒரு போத்தல் எடுப்பதே பாடு. சீஃப் எழும்பிப் போய் ஓட்டோ பிடித்தார்.

நாலரைக்கு ஒரு கான் மண்ணெண்ணெயோடு திரும்பினார். சோதனைச் சாவடியில் மூடியைத் திறந்து மணந்து பார்த்த சிப்பாய், இது எதற்கு என்று சிங்களத்தில் கேட்டானாம். "லண்டன் போக" என்றாராம் இவர். அவன் சிரித்துக்கொண்டு போகவிட்டானாம்.

ஜெனரேற்றரை அவரே இயக்கினார். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்க ஃபாக்ஸ் போனது. கொழும்பிலிருந்து 'ஓகே' வந்ததும் சீஃப் மனைவியைப் பார்த்தார்.

"பதுக்கினது ஆர்?"

"ஓம், ஓம். அலுமாரிக்குக் கீழ மூண்டு வருசமா மணத்தது அதுதானே?"

பிறகு மைல் பற்றிக் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் நான் சொன்னது இதுதான்: மண்ணெண்ணெய் வைத்த அளவிலேயே கிடக்கும், மைல் கிடக்காது. சீற்றைப் பாருங்கள், தேவை வந்த அன்றைக்கே எடுங்கள்.

பேரன் பிறந்து இரண்டாம் நாள் எழுதிய கடிதம் புவனம் அக்காவிடமிருந்து வந்தது. முழங்காலுக்கு ஒன்றுமில்லை. விமானத்தில் கொடுத்த சீனிப் பைக்கற்றுகளைச் சீஃப் சேர்த்து வைத்திருக்கிறாராம்.