குழாயைத் திறந்த கை

கொக்குகள் கூடு கட்டும் மாதங்களில் வீட்டுப் பாத்திரங்களைக் கணவர்தான் தேய்ப்பார். மனைவி விடிந்ததும் படகேறி, ஏரித்திட்டு மரங்களில் கூடுகளைக் கணக்கெடுக்கப் போய்விடுவாள். நீளக் கழியின் நுனியில் கண்ணாடியைக் கட்டி, கூட்டுக்குள் முட்டையா குஞ்சா என்று பார்ப்பாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதுதான் வேலை. தெருவில் அவளுக்குக் கொக்கக்கா என்றே பெயர்.

அன்று அவள் திரும்பியபோது முகம் சரியில்லை.

"என்ன கொக்கக்கா, பேரப்பிள்ளைங்க சௌக்கியமா?" என்றார் அவர், தட்டைத் தேய்த்தபடி.

"கிண்டல் வேண்டாங்க. ஒரு குஞ்சுகூட இல்ல. தாய் உக்காந்தாலே முட்டை நசுங்குது. தப்பிச்ச முட்டையும் பொரிக்கல."

"வெயில் அப்படி."

"போன வருஷம் இதைவிட வெயில். அப்பவும் பாதிக் கூட்டுலதான் குஞ்சில்ல. தண்ணியிலதான் என்னமோ இருக்கு."

அவர் அடுத்த தட்டை எடுத்தார். அந்த ஏரித் தண்ணீரை ஊருக்கு ஏற்றும் பம்ப் ஹவுஸில்தான் அவர் ஆபரேட்டர்.

உள்ளறையிலிருந்து நிறைமாத மகள் குடிக்கத் தண்ணீர் கேட்டாள். மனைவி டம்ளரை எடுத்துக் குழாயைத் திறந்தாள். சோப்பு நுரையோடு அவர் கை வந்து மூடியது.

"அவளுக்கு கேன் தண்ணியே குடு."

மகள் வந்த நாளிலிருந்து அவர்தான் கேன் வாங்கிப் போடுகிறார். ருசிக்காக என்று சொல்லியிருந்தார். மனைவிக்கு இப்போதுதான் உறைத்தது.

"உங்களுக்குத் தெரியும். அப்போ இந்தத் தெருவுல மத்த பிள்ளைங்க என்னத்தக் குடிக்குதுங்க?"

அவர் கையைத் துடைத்தார். ஷிப்டுக்கு இன்னும் நேரமிருந்தது. இருந்தும் சட்டையை மாட்டிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனார்.