தொண்ணூறு சதவீதம்

கண்ணையா தென்கோடித் தீவின் கேம்பல் பேயில் தண்ணீர் பம்ப் ஓட்டுகிறவர். குழாயில் தண்ணீர் வந்தால் யாரும் பாராட்டுவதில்லை. வராவிட்டால் வசவு மட்டும் ஐந்தாறு மொழிகளில் வந்து சேரும். அதை அவர் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடுவார். அவரை அரித்த கவலை வேறு. ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம். வேலை போனால் குவார்ட்டர்ஸும் போய்விடும். அவரே போய்விட்டால் கமலாட்சிக்கு யார்?

கமலாட்சி அவருடைய ஒரே மகள். வயது இருபத்து மூன்று. புத்தி ஏழெட்டு வயதோடு நின்றுவிட்டது என்றார்கள். தாய் சுசீலா காய்ச்சலில் இறந்த பிறகு, யார் என்ன சொன்னாலும் சரி என்று கண்ணையா ஒவ்வொன்றாகக் கற்றுக்கொடுத்தார். பட்டன் போட நாலு மாதம். கேஸ் பற்றவைக்க எட்டு மாதம். அதில் இரண்டு முறை அவர் புருவம் கருகியது. வீட்டுப் பூட்டைத் திறக்க முழுசாக ஒரு வருஷம். சாவியைச் செருகுவாள், எந்தப் பக்கம் திருப்புவதென்று மறந்துபோய் அழுவாள். ஒரு நாள் டக்கென்று திறந்துகொண்டது. அன்றிலிருந்து அந்தச் சாவி கறுப்புக் கயிற்றில் அவள் கழுத்திலேயே தொங்கியது, குளிக்கும்போதுகூடக் கழற்றமாட்டாள். எதுவும் ஏற நாளாகும் பெண்ணுக்கு. ஏறிவிட்டால் லேசில் இறங்காது.

போர்ட் பிளேரில் ஒரு பயிற்சி மையம் இருப்பதாக அங்கன்வாடி டீச்சர்தான் சொன்னார். ஒரு வருஷம் ஹாஸ்டல். சமையல், தையல், தனியாகக் கடைக்குப் போய்வருவது எல்லாம் சொல்லித்தருவார்கள். செலவு அரசாங்கத்துடையது. முடித்தவர்கள் நாலைந்து பேராக ஒரு வீட்டில், ஒரு மேற்பார்வைக்காரம்மாவோடு தங்கி வேலைக்குப் போகலாம். கண்ணையாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அதற்கு முதலில் டாக்டர்கள் குழு பார்த்து, குறைபாடு எத்தனை சதவீதம் என்று சான்றிதழ் தரவேண்டும். எத்தனை சதவீதம் இருந்தால் இடம் என்று மட்டும் அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டிய ஒன்றே ஒன்று அதுதான்.

போர்ட் பிளேர் போகும் கப்பலில் பக்கத்துப் படுக்கைக்காரர் பொன்னுத்துரை. இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்து கச்சால் தீவில் ரப்பர் பால் எடுத்த குடும்பம். மனுஷர் நல்லவர். தம்பி மகனுக்கு உதவித்தொகை வாங்கிக் கொடுத்த அனுபவம் அவருக்கு இருந்தது. எதற்காகச் சான்றிதழ் என்று அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

"டாக்டர் சாப் முன்னுக்குப் புள்ள ஒண்ணும் செய்யப்படாது. ஒரு வேல தெரியும்னு காட்டினாப் போதும், நம்பர் கொறஞ்சிரும். எல்லாம் கதம், முடிஞ்சுது" என்றார்.

நம்பர் கூடினால் நல்லது என்று பள்ளிக்கூட நாளிலிருந்தே நமக்கெல்லாம் பழக்கியிருக்கிறார்கள். கண்ணையா மட்டும் என்ன விதிவிலக்கா? கப்பல் கரை சேரும்வரை மகளை உட்காரவைத்துப் பழக்கினார். ஆபீஸ் மாதிரி இடத்தில் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தால், யார் எதைக் கொடுத்தாலும் கையைக் கீழே வைத்துக்கொண்டு சும்மா சிரிக்கவேண்டும். செய்தால் அப்பா அழுவேன் என்றார். பதினைந்து வருஷமாக "நீயே செய்" என்று சொன்ன அதே வாயால் சொன்னார்.

டாக்டர்கள் பட்டன் வைத்த துணியைக் கொடுத்தார்கள், காசுகளைக் கொடுத்தார்கள். மேஜைக்கு அடியில் அவள் வெறும் விரல்கள் பட்டன் போடுவதுபோல் தாமாக அசைவதைக் கண்ணையா மட்டும் பார்த்தார். பெருமையாகவும் இருந்தது, அவமானமாகவும் இருந்தது. ஒரு மாதம் கழித்துச் சான்றிதழ் வந்தது: தொண்ணூறு சதவீதம். ஊர் முழுக்க லட்டு கொடுத்தார். இப்போது நினைத்தால் அந்த லட்டுதான் எல்லாவற்றையும்விட வயிற்றெரிச்சல்.

அந்தச் சான்றிதழோடு மறுபடி கப்பலேறி, பயிற்சி மையத்து நளினி மேடத்தின் முன் உட்கார்ந்தபோதுதான் விஷயம் உடைந்தது. மேடம் இரண்டு தரம் படித்துவிட்டு மெதுவாகத்தான் சொன்னார்.

"ஐயா, இந்த உதவி, கத்துக்கிட்டுத் தனியா நிக்க முடியிறவங்களுக்கு. இவங்களுக்கு முழுநேரமும் ஆள் வேணும், பயிற்சிக்கு ஏத்தவங்க இல்லன்னு போட்டிருக்காங்களே. உதவித்தொகை மட்டும்தான் கிடைக்கும்."

"மேடம், அதெல்லாம் ஜூட், பொய். எம்புள்ள சோறாக்கும், பூட்டுத் தொறக்கும். நாந்தான் சும்மா இருக்கச் சொன்னேன்" என்று கண்ணையாவே போட்டு உடைத்தார்.

மேடம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. சேர்க்கை வருஷத்துக்கு ஒரு முறைதான், இருபத்து நான்கு வயதாகிவிட்டால் சேர்க்க முடியாது, இதுதான் கமலாட்சிக்குக் கடைசி வாய்ப்பு என்று விளக்கினார். தன் கண்ணெதிரே ஒரு வேலை செய்து காட்டினால், மறுபரிசோதனைக்கு இன்றைக்கே எழுதி, அதுவரை ஓர் இடத்தைப் பிடித்துவைப்பதாகச் சொன்னார். மேஜை இழுப்பறையிலிருந்து சின்னப் பூட்டும் சாவியும் எடுத்து வைத்தார்.

பூட்டு! கண்ணையாவுக்கு உயிர் வந்தது. "தொறம்மா கமலா" என்றார்.

கமலாட்சி பூட்டைப் பார்த்தாள். மேஜையைப் பார்த்தாள். இரண்டு கைகளையும் கீழே கொண்டுபோய் மடியில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

இப்போது செய்யலாம், அப்பா அழமாட்டேன் என்று கெஞ்சினார். கெஞ்சும்போதே கண்ணில் நீர் வந்துவிட்டது. அதைப் பார்த்து அவள் இன்னும் இறுக்கமாகக் கைகளைக் கோத்துக்கொண்டாள். அரை மணி நேரம் மேடமும் பொறுத்துப் பார்த்தார். வெளியே அடுத்த குடும்பம் காத்திருந்தது. கடைசியில் மேடம் பூட்டை எடுத்து இழுப்பறைக்குள் போட்டார்.

திரும்பும் கப்பலில் கண்ணையா சான்றிதழை எடுத்துப் பார்ப்பதும் பைக்குள் வைப்பதுமாக இருந்தார். யாரைக் குறை சொல்வது? மண்ணை வாரித் தன் தலையில் போட்டுக்கொண்டவர் அவரே. கமலாட்சியோ, தான் சரியாக நடந்துகொண்ட சந்தோஷத்தில் வழியெல்லாம் கடலைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டு வந்தாள்.

கேம்பல் பேயில் இறங்கி வீட்டு வாசலுக்கு வந்ததும், வழக்கம்போல அவள் திறப்பதற்காக ஒதுங்கி நின்றார். அவள் நகரவில்லை. கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

"இங்க செய்யலாமாப்பா?"

அவர் சரியென்று தலையை ஆட்டினார். கமலாட்சி கழுத்துச் சாவியை எடுத்துச் செருகிச் சரியான பக்கம் திருப்பினாள். பூட்டு டக்கென்று திறந்தது. அவள் அரிசி களைய உள்ளே ஓடினாள். கண்ணையா பையோடு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.