மகன் விழுங்கிய ரோமானியக் காசு

மராத்தி பேசும் ஊரில், எங்கள் பாணேர் வீட்டில், மாமியார் தந்த தங்கக் காசைத் துடைத்துக் கட்டிலில் வைத்தேன். பிற்கால ரோமானியப் பேரரசர் ஒருவரின் தலை பொறித்தது; கரூர் ஆற்று மணலில் குடும்பத்து முன்னோர் யாருக்கோ கிடைத்ததாம். நான் திரும்புவதற்குள் ஒன்றரை வயது மகன் அதை விழுங்கிவிட்டான்.

எக்ஸ்ரே பார்த்த டாக்டர், "காபரூ நகா, தாயி", பயப்படாதீங்க அக்கா என்று தைரியம் சொன்னார். வயிற்றுக்குள் இறங்கிவிட்டதாம், தானாக வந்துவிடுமாம். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. மாமியாரிடம் எப்படிச் சொல்வது? அழுதபடியே கரூருக்குப் போன் செய்தேன்.

அவர் சிரித்தார். "அழுவாத கண்ணு. உன்ற புருசனும் இந்த வயசுல அதையேதான் முழுங்குனான். பயந்துட்டு இன்னைக்கு வரைக்கும் ஆருகிட்டயும் நான் சொல்லல."

மறுநாள் காசு வந்துவிட்டது. நான் நல்ல அம்மாதானா என்ற சந்தேகம் போகவில்லை. ஆனால் அது எழும்போதெல்லாம் இப்போது அவருக்குத்தான் போன் செய்கிறேன்.